பினாங்கு – கோலாலம்பூர்: 325 கிலோமீட்டருக்கு ஏன் 65 நிமிடம்?

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வான்வழி தூரம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். 293 கிலோமீட்டர் என்று வரும், 325 என்று வரும், 278 என்றும் வரும். மூன்றுமே சரி. 293 என்பது ஜார்ஜ் டவுன் நகர மையத்திலிருந்து கேஎல் நகர மையத்துக்கு. 325 என்பது பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சிப்பாங்கில் உள்ள கேஎல் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏவுக்கு. 278 என்பது பாயான் லெப்பாஸிலிருந்து கேஎல்லின் பழைய விமான நிலையமான சுபாங்குக்கு. விமானம் நகர மையத்தில் ஏறி நகர மையத்தில் இறங்குவதில்லை. ஆகவே முதல் எண்ணை மறந்துவிடலாம்.

நேரக் கணக்கு இன்னும் குழப்பமானது. தூரம் சொல்லும் தளங்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன: மணிக்கு 805 கிலோமீட்டர், அதாவது 500 மைல் வேகம், ஏற இறங்க அரை மணி நேரம் கூடுதல். 325ஐ 805ஆல் வகுத்தால் 24 நிமிடம், அத்துடன் 30, மொத்தம் 54. டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம், 1 மணி 10 நிமிடம் என்று போட்டிருக்கும். உண்மையில் சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை பெரும்பாலான நாட்களில் 40 முதல் 45 நிமிடம்தான். மூன்று எண்கள், மூன்றும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. இந்தத் தடத்தில் கிலோமீட்டரை வைத்து நேரத்தைச் சொல்லவே முடியாது என்பதுதான் என் கட்சி. நேரம் இரண்டு முனைகளில்தான் கரைகிறது: ஓடுபாதை எந்தப் பக்கம் பார்க்கிறது, அதிலிருந்து கேட் எவ்வளவு தூரம், மழை எங்கே நிற்கிறது என்பவற்றில்.

தூரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம்

தளங்களை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கால்குலேட்டர் போதும். கைப்பேசி வரைபடத்தில் ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். பாயான் லெப்பாஸ் ஏறக்குறைய 5.30 வடக்கு, 100.28 கிழக்கு. கேஎல்ஐஏ 2.75 வடக்கு, 101.71 கிழக்கு. வடக்கு தெற்கு வித்தியாசம் 2.55 பாகை, கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.43 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 283, 159. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும் என்பதால் இரண்டாவது எண்ணை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 4 பாகை வாக்கில். அதன் கொசைன் 0.998. ஆகவே 159 என்பது 158 ஆகிறது, அவ்வளவுதான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 324. கோள வடிவத்துக்கான முழுச் சூத்திரத்தில் போட்டால் 325. ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காகப் பெரிய சூத்திரத்தைத் தேடிப் போக வேண்டாம். பினாங்கிலிருந்து லண்டனுக்குக் கணக்குப் போடும்போது மட்டும் இந்தக் குறுக்கு வழி கை கொடுக்காது. அங்கே பூமியின் வளைவு பெரிய வேலை செய்யும்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடல் மைல். அது 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால் அவர்களுடைய கணக்கு இன்னும் எளிது: 2.55 பாகைக்கு 153, 1.43 பாகைக்கு 86, இரண்டும் சேர்ந்து சாய்வாக 175. சாலை மைலில் இதுவே 202. ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 175ஐச் சாலை மைல் என்று எண்ணிக் கிலோமீட்டராக்கினால் 282 வரும். அது சுபாங் தூரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதால் தவறு நடந்ததே தெரியாது.

இந்த நேர்கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால் தெரிந்த ஊர்களாக வரும். பாயான் லெப்பாஸிலிருந்து கடலைத் தாண்டி, மாத்தாங் அலையாத்திக் காட்டுக்கு மேலே நுழைந்து, பேராக் ஆறு பெரிய வளைவு போடும் தெலுக் இந்தான் மேலாக, பத்தாங் பெர்ஜுந்தையைத் தொட்டுக்கொண்டு, ஷா ஆலாமைக் கடந்து சிப்பாங்கில் முடியும். பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோட்டப் பின்னணி உள்ள குடும்பங்களுக்கு ஜன்னலோர இருக்கையில் ஊர் ஒன்றாவது தெரிந்துவிடும். தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடற்கரையும் பங்கோர் தீவும், இடப்பக்கம் உட்கார்ந்தால் தித்திவாங்சா மலைத்தொடரும். காலை வெயில் இடப்பக்கத்தில் அடிக்கும்.

சுபாங் விமான நிலையம் இந்தக் கோட்டிலிருந்து கிழக்கே 6 கிலோமீட்டர் வாக்கில்தான் விலகி இருக்கிறது. சிப்பாங் போகும் வழியிலேயே சுபாங் இருக்கிறது என்று சொல்லலாம். 325க்கும் 278க்கும் இடையிலுள்ள 47 கிலோமீட்டர்தான் கேஎல்ஐஏ கூட்டிக்கொண்டு போகும் கூடுதல் தூரம். அதையே பிறகு ரயிலிலோ காரிலோ திரும்பி வருகிறோம்.

ஓடுபாதை எந்தப் பக்கம்?

மேலே போட்ட கணக்கிலிருந்தே திசையும் கிடைக்கும். பினாங்கிலிருந்து கேஎல்ஐஏ நேர் தெற்கிலிருந்து கிழக்கே 29 பாகை சாய்ந்து இருக்கிறது. திசைகாட்டியில் அது ஏறக்குறைய 150. தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. அதனால் திருத்தம் எதுவும் வேண்டாம்.

இப்போது கேஎல்ஐஏவின் மூன்று ஓடுபாதைகளைப் பாருங்கள். இரண்டு 14/32, ஒன்று 15/33. ஒரே ஓடுபாதையை இரண்டு முனையிலிருந்தும் பயன்படுத்தலாம் என்பதால் முனைக்கு ஓர் எண். ஓடுபாதை எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் போட்டால் அது பார்க்கும் திசை கிடைத்துவிடும். 14 என்றால் 140ஐ ஒட்டிய திசை, 15 என்றால் 150ஐ ஒட்டியது. சுபாங்கின் ஒரே ஓடுபாதையும் 15/33. அதாவது பினாங்கிலிருந்து வருகிற விமானம் எந்தத் திசையில் பறந்து வருகிறதோ, ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுபாதையும் நீண்டு கிடக்கிறது.

தெற்கு நோக்கி இறக்கிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் வந்த வேகத்தில் நேராக இறங்கிவிடலாம். காற்று மாறி 32, 33ஐப் பயன்படுத்தும் நேரமாக இருந்தால் கதை வேறு. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். எனவே நிலையத்துக்கு இணையாக அதைத் தாண்டிப் பறந்து, தெற்கே 10 கடல் மைல் வாக்கில் போய், வளைந்து, திரும்பி வடக்கு நோக்கி வர வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டிப் போய் அடுத்த சிக்னலில் யூ-டர்ன் போட்டு வருவது மாதிரி. இப்படிக் கூடும் தூரம் 22 முதல் 25 கடல் மைல். அந்த உயரத்தில் விமானம் 200 நாட், அதாவது மணிக்கு 200 கடல் மைல் வேகத்தில்தான் வரும். ஆக 7 நிமிடம் போய்விடும். 42 நிமிடப் பயணத்தில் 7 நிமிடம் என்பது ஆறில் ஒரு பங்கு. ஜன்னல் வழியாக நிலையம் கீழே தெரிந்தும் விமானம் இறங்காமல் தொடர்ந்து தெற்கே போனால் பதற வேண்டியதில்லை. இதுதான் காரணம்.

திரும்பும் பயணத்தில் இதே காற்று நமக்குச் சாதகமாக மாறும். கேஎல்லிலிருந்து பினாங்குத் திசை 330. 32, 33இல் புறப்படுகிற விமானம் எழும்பியவுடனே ஊர் நோக்கி நேராகப் போகும். 14, 15இல் புறப்பட்டால் தெற்கே எழும்பி அரை வட்டம் அடித்துத்தான் வடக்கே வர வேண்டும்.

பினாங்கில் ஓடுபாதை ஒன்றுதான், 3,352 மீட்டர், எண் 04/22. இது கேஎல் திசைக்குக் குறுக்காகக் கிடக்கிறது. 22இல் எழும்பினால் தென்மேற்கே போய் இடப்புறம் 70 பாகை திரும்பினால் கேஎல் வழி வந்துவிடும். 04இல் எழும்பினால் வடகிழக்கே போய் வலப்புறம் 110 பாகை திரும்ப வேண்டும். வித்தியாசம் ஓரிரு நிமிடம்தான். ஆனால் ஒரே ஓடுபாதை என்பதால் இறங்க வருகிற விமானத்துக்காகப் புறப்படுகிற விமானம் ஓரத்தில் காத்திருக்க வேண்டும். வரிசையில் மூன்றாவதாக நின்றால் அந்தக் காத்திருப்பே திருப்பத்தில் போகும் நேரத்தைவிட அதிகம்.

ஜெட் வேகம் ஏன் பயன்படுவதில்லை

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டும் உயரே போனபின் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். அந்த வேகத்தில் 325 கிலோமீட்டருக்கு 24 நிமிடம் போதும். ஆனால் இந்தத் தடத்தில் அந்த வேகம் சில நிமிடங்களுக்கு மேல் கிடைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 10,000 அடிக்குக் கீழே பொதுவான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் வேகம் கூட்டி 25,000 அடிக்கு ஏறி முடிக்க 12, 13 நிமிடம் ஆகும். அதற்குள் 65 கடல் மைல் போயிருக்கும். இறக்கத்துக்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி, ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல். 25,000 அடிக்கு 75. வேகத்தைக் குறைக்க இன்னும் 10. ஆக 85 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 65உம் 85உம் 150. மொத்தமோ 175. மீதி 25 கடல் மைலை முழு வேகத்தில் கடக்க மூன்றரை நிமிடம். அவ்வளவுதான் சமதளப் பறப்பு. இறக்கத்துக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல். கூட்டினால் 38 நிமிடம் வருகிறது. கட்டுப்பாட்டு நிலையம் இடையில் திருப்பிவிடுவதையும் வரிசையில் நிறுத்துவதையும் சேர்த்தால் 40, 45.

நீண்ட பயணங்களில் போகும் 35,000 அடிக்கு இங்கே ஏன் போவதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஏறவும் இறங்கவும் தேவைப்படும் தூரமே 175ஐத் தாண்டிவிடும். ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

உயரத்தில் இன்னொரு சின்ன ஒழுங்கும் உண்டு. திசைகாட்டியில் 0 முதல் 179 வரை போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரங்களில், 180 முதல் 359 வரை போகிறவர்கள் இரட்டைப்படையில். எனவே பினாங்கிலிருந்து கேஎல் போகும்போது 23,000, 25,000, 27,000 அடி. கேஎல்லிலிருந்து பினாங்கு வரும்போது 24,000, 26,000. விமானி ஒலிபெருக்கியில் உயரத்தைச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள்.

இருக்கை வார் விளக்கு அணைந்திருக்கும் நேரம் இதனால்தான் அவ்வளவு குறைவு. கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் ஏறுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. குழந்தைகளுடன் வருகிறவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை மேகம் இருந்தால் விளக்கு கடைசிவரை அணையாமலே போகலாம்.

காற்றின் வேகமும் இங்கே பெரிய விஷயமில்லை. ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போகும்போது உயரே வீசும் பலத்த மேலைக் காற்று ஒரு மணி நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நம் அட்சரேகையில் அப்படிப்பட்ட காற்று இல்லை. 20 நாட் எதிர்க்காற்று வழி முழுவதும் அடித்தாலும் மூன்று நிமிடம் வாக்கில்தான். காற்று எந்த ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்பதே முக்கியம்.

டிக்கெட்டில் உள்ள 65 நிமிடம்

அட்டவணையில் போடுவது கேட்டிலிருந்து கேட் வரை. விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் நின்று பிரேக் போடும் நொடிவரை. பறக்கும் 42 நிமிடத்துக்கு முன்னால் பினாங்கில் தள்ளுதல், என்ஜின் இயக்கம், ஓடுபாதை வரை ஊர்வது என்று 10 நிமிடம். பின்னால் கேஎல்ஐஏவில் ஊர்வது.

அதுதான் நீளம். கேஎல்ஐஏவின் ஓடுபாதை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, பரந்து கிடக்கின்றன. முதல் இரண்டும் டெர்மினல் 1ஐ நடுவில் வைத்து இருபுறமும். மூன்றாவது டெர்மினல் 2க்கு அப்பால் மேற்கே. 2014இல் கேஎல்ஐஏ2 என்ற பெயரில் திறந்தார்களே, அதுதான் இப்போதைய டெர்மினல் 2. ஏர்ஏசியாவில் வருகிறவர்கள் மூன்றாவது ஓடுபாதையில் இறங்கினால் 5 நிமிடத்தில் கேட். கிழக்குக் கோடியில் இறங்கினால் 15 நிமிடம் ஊர்ந்துகொண்டே இருப்பார்கள். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் டெர்மினல் 1 என்பதால் அவர்களுக்கு இது தலைகீழ்.

இந்த நிச்சயமின்மைக்காகத்தான் நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகப் போட்டு வைக்கின்றன. 10 நிமிடம் தாமதமாகப் புறப்பட்ட விமானம் ‘குறித்த நேரத்தில்’ வந்து சேர்வது விமானியின் சாகசமல்ல. வழக்கமாக வைத்திருக்கும் கூடுதல் நேரம் அன்று செலவாகவில்லை, அவ்வளவே. துறையில் 15 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதக் கணக்கிலேயே சேராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுபாங்: மெதுவான விமானம், அதே நேரம்

ஜெட்டை எதிர்பார்த்துப் போய் புரொப்பெல்லர் விமானத்தைப் பார்த்தவுடன் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஃபயர்ஃபிளை நிறுவனம் ஓட்டும் ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வாக்கில்தான் பறக்கும். ஜெட்டின் வேகத்தில் அறுபது விழுக்காடு. ஆனால் சுபாங் 150 கடல் மைல்தான். 17,000 அடிக்கு ஏற 14 நிமிடம், நடுவில் 12 நிமிடம், இறங்க 15, 16 நிமிடம். சேர்த்தால் 41, 42. ஜெட் சிப்பாங் போய்ச் சேரும் அதே நேரம். ஜெட்டுக்கு வேகம் இருந்தும் ஓட இடமில்லை. ஏடிஆருக்கு இந்தத் தூரம் அளவாகப் பொருந்துகிறது. சுபாங்கில் இறங்கியபின் ஊர்வதும் குறைவு, நடப்பதும் குறைவு.

ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில். முன்பக்கக் கதவு சரக்குக்கு. எனவே சீக்கிரம் இறங்க வேண்டும் என்றால் பின்வரிசை. இரைச்சலும் புரொப்பெல்லருக்கு நேரான முன்பகுதி வரிசைகளில்தான் அதிகம், பின்னால் போகப் போகக் குறையும். ஆக இரண்டு காரணத்துக்கும் பின்னிருக்கையே மேல். இறக்கை கூரைமேல் இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்ப்பதற்கு மறைப்பு இல்லை. மேலே பெட்டி வைக்கும் இடம் மட்டும் சின்னது. சக்கரப் பெட்டி 7 கிலோவுக்குள் இருந்தாலும் நுழையாமல் போகலாம்.

சுபாங் 1965இலிருந்து 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்தது. கேஎல்ஐஏ திறந்தபின் ஒடுங்கி, பிறகு புரொப்பெல்லர் விமானங்களுக்கானதாக நீடித்தது. 2024 ஆகஸ்டில் ஜெட் சேவைகளை மறுபடி அனுமதித்தார்கள். அதிலிருந்து எந்த நிறுவனம் எந்த நிலையத்துக்குப் போகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. டிக்கெட்டில் ‘கோலாலம்பூர்’ என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். சிப்பாங் என்றால் மூன்றெழுத்துக் குறி கேயூஎல், சுபாங் என்றால் எஸ்இசட்பி. போகும் டிக்கெட் ஒன்றிலும் வரும் டிக்கெட் மற்றொன்றிலும் எடுத்துவிட்டுக் காரை தவறான நிலையத்தில் நிறுத்தினால், இரண்டுக்கும் இடையே வான்வழியிலேயே 46 கிலோமீட்டர். சாலையில் அதைவிட அதிகம்.

எது கெடுக்கும்

முதல் எதிரி மாலை இடிமழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும் காலத்தில் கேஎல் பக்கம் பிற்பகல் 3 மணிக்குமேல் மேகம் திரண்டுவிடும். மேகம் நிலையத்தின் தலைக்குமேல் நின்றால் வருகிற விமானங்களை வெளியே வட்டமடிக்க வைப்பார்கள். அந்த வட்டம் ஓட்டப்பந்தயத் தடம் போன்ற வடிவத்தில் இருக்கும். வளைவு ஒரு நிமிடம், நேர்கோடு ஒரு நிமிடம், மறுபடி வளைவு, மறுபடி நேர்கோடு. ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். எனவே தாமதம் 4, 8, 12 என்று நான்கின் மடங்கில் கூடும். எரிபொருள் பற்றிய கவலை வேண்டாம். மாற்று நிலையம் வரை போக, அதன் பிறகும் 30 நிமிடம் பறக்க என்று விதிப்படியே கூடுதலாக ஏற்றித்தான் புறப்படுவார்கள்.

இறங்கிய பிறகும் காத்திருப்பு வரலாம். மின்னல் பக்கத்தில் வந்தால் வெளியே வேலை செய்கிறவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். பெட்டி இறக்குவதும் எரிபொருள் ஊற்றுவதும் நின்றுவிடும். ‘மழை விட்டுவிட்டதே, பெட்டி ஏன் வரவில்லை’ என்று பெல்ட் முன்னால் நின்று சத்தம் போடுவதில் பயனில்லை. ஆள் உயிர் அதைவிடப் பெரிது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சூறை மழை வேறு மாதிரி. அது பொழுது விடியும் முன்னும் காலையிலும் வரும், சீக்கிரம் கடந்துவிடும். அதே பருவத்தில் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் பார்வைத் தூரம் குறைந்தால் விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவார்கள். கருவி உதவியுடன் இறங்க முடியும் என்பதால் சாதாரணப் புகைக்கு ரத்து ஆகாது.

இன்னொன்று சங்கிலித் தாமதம். இந்தத் தடத்தில் ஒரே விமானம் ஒரு நாளில் பல நடை போகும். இடையில் அரை மணி நேரம்தான் நிற்கும். காலையில் எங்கோ 20 நிமிடம் பிந்தினால் இரவுக்குள் அது வளர்ந்து முக்கால் மணி, ஒரு மணி என்று ஆகிவிடும். மாலை மழையும் அதன்மேல் சேரும். தவறவிட முடியாத வேலை இருந்தால் முதல் விமானம், இல்லையென்றால் நண்பகலுக்கு முன் புறப்படுவது. இரவு கடைசி விமானத்தை நம்பி மறுநாள் காலை நிச்சயதார்த்தம் வைக்கக்கூடாது.

தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால் நிறுவனம் உணவும் தொலைபேசி, இணைய வசதியும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு சொல்கிறது. 5 மணி நேரம் அல்லது அதற்குமேல் என்றால், 2024 செப்டம்பர் முதல் பயணத்தைக் கைவிட்டு, பணம் செலுத்திய அதே வழியில் முழுத்தொகையையும் திரும்பக் கேட்கலாம். கவுண்டரில் வவுச்சர் நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

வாசலிலிருந்து வாசலுக்கு

ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் 16 கிலோமீட்டர், 40 நிமிடம் வையுங்கள். நிலையத்தில் 80 நிமிடம், ஏனென்றால் கேட் 20 நிமிடத்துக்கு முன்பே மூடப்படும். விமானம் 65. இறங்கி நடந்து பெட்டி எடுக்க 25. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் காத்திருப்பு 10. கேஎல் சென்ட்ரலுக்கு டெர்மினல் 1இலிருந்து 28 நிமிடம், டெர்மினல் 2இலிருந்து 33. கூட்டினால் 4 மணி 10 நிமிடம். பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் என்ற மின்சார ரயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கிறது. பெட்டி எடை பார்ப்பதில்லை, கழிவறைக்கு எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். கேஎல் நகருக்குள் வேலை, இருப்பிடம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் விமானத்தில் போவது வீண் என்பேன். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் போகிறவர்களுக்குச் சுபாங். அவர்களுக்கு அரை மணி நேரமாவது மிச்சம்.

சிப்பாங் விமானம் உண்மையில் பொருந்துவது அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாறுகிறவர்களுக்கு. சென்னை, திருச்சி போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டையும் ஒரே முன்பதிவில் எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக மலிவாகப் பார்த்து எடுத்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. அப்போது பெட்டியை எடுத்து, தேவையானால் டெர்மினல் மாறி, மறுபடி பதிவு செய்ய வேண்டும். டெர்மினல் 1க்கும் 2க்கும் ரயில் 3 நிமிடம்தான், ஆனால் பெட்டியோடு மேடை ஏறி இறங்கிக் காத்திருக்க அரை மணி ஆகும். சர்வதேசக் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன் மூடும் என்பதையும் சேர்த்தால், குறைந்தது 4 மணி நேர இடைவெளி வையுங்கள். மாலை விமானமென்றால் 5. பினாங்குக்காரர்களுக்கு 2024 டிசம்பரில் சென்னைக்கு நேரடி விமானம் வந்தது. தேதி பொருந்தினால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

கேஎல்லிலிருந்து வருகிற உறவினரைப் பினாங்கில் அழைத்துப் போக நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. விமானத்தைக் காட்டும் செயலியில் ‘எழும்பிவிட்டது’ என்று வந்தபின் 42 நிமிடத்தில் தரை, 6 நிமிடத்தில் கேட், கைப்பெட்டி மட்டும் என்றால் இன்னும் 10 நிமிடத்தில் வாசல், பெல்ட்டில் பெட்டி இருந்தால் 20 முதல் 25. ஆக எழும்பியதிலிருந்து 60 முதல் 75 நிமிடம். பட்டர்வொர்த்திலிருந்து முதல் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் முப்பது கிலோமீட்டர் வாக்கில். ஜாம் இல்லாத நேரத்தில் விமானம் எழும்பிய பிறகு வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினாலும் போதும். தொழிற்சாலைகள் விடும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை மட்டும், அங்கே கேஎல்லில் அவர்கள் கேட்டுக்குள் நுழையும்போதே இங்கே காரை எடுத்துவிட வேண்டும்.